கரையில் இரண்டு தீ

அந்தமானுக்குப் போகிறேன் என்று விடுப்புக் கடிதம் கொடுத்தபோது ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. "என்ன டீச்சர், யாரைப் போட்டுத் தள்ளினீங்க?" என்றார் கணக்கு வாத்தியார். நானும் சிரித்துவைத்தேன். என் தம்பி வேலு அங்கே உள்ளே இருக்கிறான், அவனை வெளியே கொண்டுவரத்தான் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபத்தொன்றில் நடந்த யுத்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் தெருவிளக்குகளில் பூசிய கறுப்புச் சாயத்தைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வேலுவை மட்டும் விடவில்லை.

வேலு, லாங் ஐலண்டுக்கு எதிர்க்கரையில் மரம் வெட்டும் கூப்பு ஒன்றில் மேஸ்திரி. கரையில் விளக்கோ நெருப்போ கூடாது என்று உத்தரவு இருந்த யுத்த நாட்களில், அவன் கடற்கரையில் இரண்டு தீ மூட்டினான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிரிக் கப்பலுக்குச் சைகை காட்டினானாம். எங்களுக்கு வந்த கடிதத்தில் 'நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு' என்ற ஒரே ஒரு வரிதான் காரணம். எத்தனை நாள் என்று இல்லை. எந்தக் கோர்ட் என்றும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இருட்டடிப்பு உத்தரவுகளுக்கு நான் எதிரி அல்ல. யுத்தத்தின்போது எங்கள் தெருவுக்குத் தொண்டர் நான்தான். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் "ஜன்னலைச் சாத்துங்க" என்று அதட்டுவேன். வகுப்பில் அதட்டிப் பழகிய தொண்டைக்கு அது சிரமமாக இல்லை. உள்ளதைச் சொன்னால், பிடித்தும் இருந்தது.

கப்பலில் நான்கு நாள். முதல் நாள் சோறும் பூசணிக்காய்க் குழம்பும். இரண்டாம் நாள் சோறும் பூசணிக்காய்க் கூட்டும். மூன்றாம் நாள் நான் தின்றதெல்லாம் கடலுக்கே போனது. பக்கத்துப் படுக்கையில் ஒரு வங்காளிப் பெண். அகதியாக வந்து நடு அந்தமானில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் குடியேறியவள். என் தலையைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து முடிக்கும்வரை கூட இருந்தாள். அவள் பேசியதைக் கப்பல் சிப்பந்தி ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "எல்லா இடத்திலும் காகிதம் கேட்கிறார்கள். காகிதம் இல்லாமல் ஓடிவந்தவர்கள் நாங்கள். யார் கேட்டாலும் எனக்குப் பயமாக இருக்கிறது." பாவம், படிக்காதவள், சட்டத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஒரு காவலர் என் பெயர், ஊர், வந்த காரியம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "தம்பியைப் பார்க்க" என்றேன். "தம்பி எங்கே?" என்றார். ஜெயிலில் என்றதும் பேனா நின்றது. அதற்குப் பிறகு என் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புடவையாக உதறிப் பார்த்தார்கள். எள்ளுருண்டை டப்பாவையும் விடவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

பெரியசாமி என்பவரின் மெஸ்ஸில் அறை கிடைத்தது. அவருடைய குடும்பம் கைதிகள் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது. தமிழும் இந்தியும் ஒரே கரண்டியில் வரும். தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்பு, தொட்டுக்கொள்ள மான் இறைச்சி வறுவல். நம் ஊரில் கோழிக்கே திருநாள் வர வேண்டும். இங்கே மான் சாதாரணம். குழம்பு அருமையாக இருந்தது, ஆனால் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அந்நேரம் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் பெரியசாமி, இலையைப் பார்த்தபடி. "எங்க தாத்தா மெயின்லேண்ட்ல ஒரு ஆளை வெட்டிட்டு இங்க வந்தவரு. அவருக்குக் கோர்ட்டு நடந்துச்சு, ஜட்ஜ் இருந்தாரு, இத்தனை சால், இத்தனை வருஷம்னு தீர்ப்பு சொன்னாங்க. சுவத்துல கோடு போட்டு எண்ணிக்கிட்டிருந்தாராம். உங்க தம்பி எதை எண்ணுவாரு?"

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரன் காலத்தோடு நம் சர்க்காரை ஒப்பிடுகிறாரே என்று கோபம்கூட வந்தது.

மறுநாள் வேலுவின் கோப்பை வைத்திருந்த அதிகாரியைப் பார்த்தேன். கொடூரமானவர் என்று மனதுக்குள் ஓர் உருவம் வைத்திருந்தேன், அப்படி இல்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டினார், டீ வரவழைத்தார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"மேடம், யுத்த காலம். கடலில் எதிரி நீர்மூழ்கி சுற்றுகிறது என்று தகவல். ஆள் இல்லாத கரையில், ஒன்றுக்கொன்று இருபது கஜத்தில், இரண்டு தீ. கடலில் இருந்து பார்க்கும் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?"

"பிடித்திருப்பேன்," என்றேன். அது பொய் இல்லை. "மறுநாள் காலையில் ஏன் மூட்டினாய் என்று விசாரித்திருப்பேன்."

"விசாரித்தோம்." அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "இரண்டு தீ என்றால் படகை அழைக்கும் வழக்கம் என்கிறார் உங்கள் தம்பி. அந்தக் கூப்பில் இருக்கும் பதினான்கு பேரும் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று கைநாட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கமே இல்லை என்றால் தீ எதற்கு?"

பதினான்கு கட்டைவிரல் ரேகைகள் வரிசையாக இருந்தன. கீழே தட்டச்சில் ஆங்கிலம். அவர்களில் ஒருவராவது வந்து மாற்றிச் சொன்னால் மறுபரிசீலனை செய்யலாம் என்றார் அதிகாரி. ஆளையும் கூட்டிவர வேண்டும், எழுதிய வாக்குமூலமும் வேண்டும்.

வேலுவைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு காவலர். இளைத்துப் போயிருந்தான், தாடிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என்று நினைத்தேன்.

"யக்கா, சோம்ரா பொஞ்சாதி பொழச்சிட்டாளா?" என்றான்.

யார் சோம்ரா என்று கேட்டேன். கூப்பில் மரம் வெட்டும் ராஞ்சிக்காரன். அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டு ஒன்றரை நாள் ஆகியும் பிள்ளை வரவில்லை. லாங் ஐலண்டில் டாக்டர் உண்டு. ஆனால் கடக்கப் படகு வேண்டும்.

"ஒரு தீ போட்டா சரக்கு ஏத்தணும்னு அர்த்தம். ரெண்டு போட்டா சீக்காளி. சாயங்காலம் அந்தப் பக்கமா போற போட்டு பாத்துட்டுத் திரும்பும். உத்தரவு தெரியும்க்கா எனக்கு. அவ கத்துன கத்துக்கு வேற என்ன செய்யச் சொல்லுத?"

அவன் மூட்டிய தீயைப் பார்த்து வந்தது ரோந்துப் படகு. தீயை மிதித்து அணைத்தார்கள், வேலுவைப் பிடித்து ஏற்றினார்கள். உள்ளே பிள்ளைத்தாய்ச்சி கிடக்கிறாள் என்று அவன் கத்தியதைக் காட்டுக்குள் இழுக்கும் தந்திரம் என்று நினைத்தார்களாம். இரண்டு மாதமாக அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியுமுன் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து லாங் ஐலண்ட் படகு. தேங்காய், சிமெண்ட், இரண்டு ஆடு, நாற்பது பேர். ஒரு ஆடு என் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றது. மூன்று மணி நேரம் வெயிலில் ஆடிக்கொண்டே கிடந்தோம். படகை ஓட்டும் சாரங்கு ராமநாதபுரத்துக்காரர். தமிழ் கேட்டதும் தம் சோற்றில் பாதியைக் கொடுத்தார். கருவாடும் கஞ்சியும். கப்பல் பூசணிக்காய்க்கு இது அமிர்தம்.

இரண்டு தீ வழக்கம் உண்டா என்று கேட்டேன். கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார்.

"உண்டும்மா. அதைப் பாத்து நானே எத்தன பேரை ஏத்தியிருக்கேன். அன்னிக்கும் பாத்தேன். பக்கத்துல கஷ்த் போட்டு, அதான் ரோந்துப் படகு, நின்னுச்சு, நான் திரும்பல." கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஆபீஸ்ல வந்து சொல்லமாட்டேன். சர்க்காரி நௌக்ரி, கவர்மெண்டு வேலைம்மா. மூணு பொண்ணுங்க."

அவரைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எப்படித் திட்டுவது?

லாங் ஐலண்டிலிருந்து ஒரு சின்னத் தோணியில் எதிர்க்கரை. இறங்குதுறை கிடையாது, முழங்கால் நீரில் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கரையில் மணல் ஈ, உள்ளே அட்டை. இரண்டு யானைகள் பெரிய படாக் மரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. வேலுவின் அக்கா என்று தெரிந்ததும் எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துபோனார்கள். அவனோடு ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கப்பல் பெண்ணின் பயத்தைப் பார்த்தேன்.

சோம்ரா மட்டும் நகரவில்லை. முப்பது வயதிருக்கும், குச்சிபோல ஆள். தோளில் கட்டிய துணியில் ஒரு பெண் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. தோணிக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவனுடைய இந்தியைத் தமிழாக்கினார்.

மனைவி மறுநாள் மதியம்வரை உயிரோடு இருந்தாள். பிள்ளை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. வேலுவைக் கொண்டுபோன பிறகு மறுபடி தீ மூட்ட ஒருவருக்கும் துணிவு இல்லை, சோம்ராவுக்கே இல்லை. "உலர்ந்த விறகு கையில் இருந்தது. தீப்பெட்டி இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்," என்றான். ஒரு வாரம் கழித்துக் காகிதம் வந்தது. இதில் கைநாட்டு வைத்தால் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றார் கூப்பு மேலாளர். வேலுவுக்கும் அதுதான் நல்லது என்றாராம். வைத்தார்கள். இதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரியின் கோப்பில் நான் பார்த்த அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று நான்தான் முதன்முதலில் அவர்களுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒருவன் எழுந்துபோய்விட்டான்.

யாராவது வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வதும் குற்றம்தானே என்று வயதான ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, நான் கூடவே இருப்பேன்" என்றேன்.

சோம்ரா வருகிறேன் என்றான். என் பள்ளிக்கூடத்து நோட்டில் இரண்டு தாள் கிழித்து அவன் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். வலி, படகு, வழக்கம், கைநாட்டு எல்லாம் வந்தது. கடைசியில் இன்னும் ஒன்று எழுதச் சொன்னான்: "இரண்டாவது தீயை மூட்டியது வேலு இல்லை. நான்."

பேனாவை நிறுத்தினேன். இந்த வரி அவனுக்கு ஆபத்து என்று எனக்குப் புரிந்தது. இந்த வரி இருந்தால்தான் மற்றதெல்லாம் நம்பும்படி இருக்கும் என்றும் புரிந்தது. தன் தலைமேல் தானே பழி போட்டுக்கொள்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? தோணிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எழுதினேன். அவன் விரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தான். பக்கத்தில் சாட்சி என்று என் கையெழுத்தைப் போட்டேன்.

குழந்தையைப் பக்கத்துக் குடிசைப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் தயங்கினாள், அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. "மூன்று நாள்தான்," என்றேன் நான். "மூன்றாம் நாள் இவனை நானே படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன்." அவள் என் டீச்சர் கண்ணாடியையும் பேனாவையும் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் படகில் சோம்ரா ஒரு ஓரமாக உட்கார்ந்தே வந்தான். சாரங்கு அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். எனக்கு எது எதுவோ நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. யுத்தத்தின்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு உப்பளத் தொழிலாளி வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. மூன்று முறை சொல்லியும் அணைக்கவில்லை என்று நான்தான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தான். பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். அந்த விளக்கு எதற்கு எரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்க வேண்டும்போல் இருந்தது. அவன் பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

அதிகாரி வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். நல்ல கையெழுத்து என்று பாராட்டினார். சோம்ராவை மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு உள்ளே அனுப்பினார். மெஸ்ஸில் போய் ஓய்வெடுங்கள், நாளை வாருங்கள் என்றார். கூடவே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். விசாரணையில் வெளியாள் இருக்கக் கூடாது என்றார். அன்று முழுக்க வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் காவலர் வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்றதும்தான் எழுந்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வேலுவை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் மழித்து, பழைய சட்டை மாட்டி, கையில் ஒரு துணிப்பை. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல், காவலர்கள் முன்னால். இத்தனை நாள் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஒரு ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பிறகு சோம்ரா எங்கே என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"உங்கள் தம்பி மூட்டியது ஒரு தீதான், அதற்கு இந்த இரண்டு மாதம் போதும். இரண்டாவது தீயைத் தாமே மூட்டியதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், மேடம். முதலில் பொய் வாக்குமூலம் கொடுத்ததையும். விசாரிக்காமல் விட முடியாது."

"யுத்தம்தான் முடிந்துவிட்டதே!"

"யுத்தம் முடிந்தது. அந்த உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை."

"எத்தனை நாள்?"

"பாதுகாப்பு விஷயம். நாள் சொல்ல முடியாது." அவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. "உங்கள் உதவி இல்லாமல் இந்த உண்மை தெரிந்திருக்காது," என்றார். கிண்டல் செய்யவில்லை, நன்றியாகத்தான் சொன்னார்.

நான் கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், கைக்குழந்தைக்காரன், அவனாகவே நடந்து வந்தவன் என்றெல்லாம் சொன்னேன். அதிகாரி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். நீர்மூழ்கி வந்திருந்தால், கப்பல் போயிருந்தால், நூற்றுக்கணக்கான உயிர் என்று மெதுவாகச் சொன்னார். அது பொய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு தீயால் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. செத்தது ஒருத்திதான், தீயை அணைத்ததால் செத்தாள். அவள் பெயர் அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை. நானும் அதைக் கேட்டு எழுதவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் வேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோம்ரா மனைவி செத்துப்போனதை அப்போதுதான் அவன் கேட்கிறான். சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சென்னைக் கப்பலில் இரண்டு பேருக்கும் இடம் சொல்லியிருந்தேன்.

"நீ போக்கா," என்றான்.

"வேலு, அம்மா உன்னைப் பாக்கணும்னு உசுரைக் கையில புடிச்சிட்டு இருக்கா."

"அவன் உள்ள இருக்கான்லா. பிள்ளைய யாரு பாப்பா?"

எவ்வளவோ கெஞ்சினேன். மறுபடி பிடித்தால் என்ன செய்வாய் என்று பயமுறுத்திப் பார்த்தேன். அக்கா என்ற உரிமையில் கன்னத்தில் ஒன்று வைக்கவும் கை எழுந்தது. அவன் சண்டை போடவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் பேக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். வழியில் பால் பவுடர் டப்பா இரண்டு வாங்கிக்கொண்டான்.

அன்று சரக்கு ஏற்றத் தாமதமாகி, லாங் ஐலண்ட் படகு அப்போதுதான் கிளம்பத் தயாராக இருந்தது. அதே சாரங்கு. வேலுவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கை கொடுத்து ஏற்றினார். வேலு படகின் விளிம்பில் நின்று திரும்பினான். இரண்டு மாதம் சிறையில் இருந்தவனின் கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மூணு நாள்னு சொல்லித்தான பிள்ளைய வாங்கிக் குடுத்திருக்க. நான் போய் அவகிட்ட எத்தன நாள்னு சொல்லட்டும்க்கா?"

எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. படகு நகர்ந்துவிட்டது.